அந்த அம்மா மருந்து கேட்டாங்க

பட்டாளத்தில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டுக் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பினேன். முன்னாள் படைவீரர் கூட்டம் ஒன்றுக்கு முதல்முறை போனபோது, வாசலில் நின்ற பெரியவர் மரியாதையாகக் கேட்டார்.

"உங்க வூட்டுக்காரர் எந்த ரெஜிமென்ட்ல இருந்தாருங்க?"

"அவர் கரும்பு ஆலைல வேலை பார்த்தாருங்க. பட்டாளத்துல இருந்தது நான்."

அவர் கெட்டவர் இல்லை. உடனே நாற்காலி எடுத்துப் போட்டார். ஆனால் அன்று முழுக்க அந்த ஹாலில் யார் என்னைப் பார்த்தாலும், எனக்குப் பின்னால் ஓர் ஆள் வருகிறாரா என்றுதான் பார்த்தார்கள். முழங்கால் வலி, பென்ஷன், மகனுக்கு வேலை, பழைய சண்டைக் கதைகள் என்று பேச்சு போனது. எனக்கும் சொல்ல ஒன்றிரண்டு இருந்தன. அந்த ஹாலில் சொல்ல வாய் வரவில்லை.

அதனால்தான் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலையில், என் வீட்டு முன்னறையில் படைகளில் வேலை பார்த்த பெண்களுக்கு மட்டும் ஒரு சந்திப்பை ஆரம்பித்தேன். முதல் ஆறு மாதம் மொத்தமே மூன்று பேர். திருநாவலூரிலிருந்து ஒருத்தி வருவாள். விமான நிலையங்களில் பெண் பயணிகளைச் சோதனை போட்டே இருபது வருஷம் கழித்தவள். மணலூர்பேட்டையிலிருந்து ஒருத்தி. எல்லைக் காவலில் இருந்துவிட்டுப் பாதியில் வேலையை விட்டு வந்தவள். மூன்றாவது நான். டீ போடுவேன், முறுக்கு வைப்பேன். பேச்சு கரும்பு வெட்ட ஆள் கிடைக்காததில் ஆரம்பித்து மருமகளில் முடியும். முக்கியமானதை யாரும் பேசவில்லை. ஆனாலும் மூன்று பேரும் ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

ஒரு சனிக்கிழமை, அவர்கள் கிளம்பிப் போன பிறகு ஓர் ஆள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற ஓர் ஊர். கையில் ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கு.

"மேடம், பொம்பளை பட்டாளத்துக்காரங்க இங்க கூடுவீங்கன்னு சொன்னாங்க. என் தங்கச்சி மத்தியப் படைல இருந்துச்சு. இருபது வருஷம் முடிச்சு வூட்டுக்கு வந்துடுச்சு. வந்து மூணு வருஷம் ஆவுது. அது ஒரு மாதிரியா இருக்கு மேடம்."

"ஒரு மாதிரின்னா?"

"சண்டை போடல, அழல, ஒண்ணுமில்ல. நல்லா வேலை செய்யுது. ஆனா எவன் வூட்டு விசேஷத்துக்கும் வராது. கோயில் திருவிழான்னா ஊரே உள்ள போவும், அது மட்டும் வெளிய நின்னுக்கினு இருக்கும். 'ஏன்டி'ன்னா, 'நான் வரக்கூடாதுண்ணா'ன்னு சொல்லுது. மந்திரிச்சுப் பார்த்தோம். டாக்டர்கிட்ட இட்டுக்கினு போனோம், தூக்க மாத்திரை குடுத்தாரு. தூங்குது. எழுந்தா மறுபடி அதேதான்."

பயந்து நடுங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டாசு வெடித்தால் கட்டிலுக்கு அடியில் போகிறவர்கள், கதவைப் பூட்டினேனா என்று பத்துத் தடவை எழுந்து பார்க்கிறவர்கள். 'நான் வரக்கூடாது' என்பது அவர்கள் பேச்சு இல்லை. தனக்குத் தானே தண்டனை எழுதிக்கொண்ட ஆளின் பேச்சு அது. எனக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் பழக்கம்.

அடுத்த வாரமே பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பி ஏறியது. இறங்கி ஒரு மணி நேரம் நடந்தேன்.

அவள் காட்டில் மரவள்ளிக் குச்சி நட்டுக்கொண்டிருந்தாள். நாற்பதைக் கடந்த வயது. நேரான முதுகு. நட்ட குச்சிகள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசை. என்னைப் பார்த்ததும் விறைப்பாக நின்றாள். இருபது வருஷப் பழக்கம் எங்கே போகும்?

"பட்டாளத்து நர்ஸம்மாவா? அண்ணன் அனுப்புச்சா?"

"ஆமாம்."

"நான் நல்லாத்தான் இருக்கேன், சிஸ்டர்."

"சரி. அப்ப குச்சி நடலாம்."

நட்டோம். எனக்கு வரிசை வரவில்லை. நான் நட்டதை எல்லாம் பிடுங்கி மறுபடி நட்டாள். அன்று அவள் பேசியது அவ்வளவுதான். இரண்டாவது தடவை போனபோது பூட்ஸ் பற்றிப் பேசினோம். பெண்களுக்கு அளவான பூட்ஸ் வராமல், துணியைத் திணித்துப் போட்ட கதை இரண்டு பேருக்குமே இருந்தது. அவள் முதல்முறையாகச் சிரித்தாள். மூன்றாவது தடவை, கிழங்கு உரித்துக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னாள்.

வடக்கே ஒரு மாநிலம். எது என்று எழுத மாட்டேன். ஒரு காலை நேரம் இவர்கள் படை ஒரு கிராமத்தைச் சுற்றி வளைத்தது, யாரோ ஒளிந்திருப்பதாகத் தகவல். ஆண்களை வயலில் உட்கார வைத்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தின் ஒரே அறையில் அடைத்தார்கள். வாசலில் காவல் இவள்.

"யாரையும் வெளிய விடக்கூடாதுன்னு ஆர்டர், சிஸ்டர். உள்ள ஒரு அம்மாவுக்கு வீசிங். இழுக்குற மருந்து வூட்ல மாடத்துல இருக்குன்னாங்க. அஞ்சு வூடு தள்ளித்தான் அவங்க வூடு. நான் போய் ஆபீசர்கிட்ட சொன்னேன். 'யாரும் நகரக்கூடாது'ன்னாரு. வந்து நின்னுக்கினேன். அந்தம்மா மறுபடி கேட்டாங்க. அப்புறமும் கேட்டாங்க. நாலு தடவை. அவங்க பொண்ணு, பதினாலு வயசு இருக்கும், முதுகைத் தடவிக்கினே என்னையே பார்த்துச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கினு இருந்தேன்."

கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆபீசர் அடிச்சிருக்க மாட்டாரு. வேலையை விட்டுத் தூக்கியிருக்க மாட்டாரு. ரெண்டாவது தடவை போய்க் கேட்டிருக்கலாம். கேக்கல. சாயங்காலம் நாலு மணிக்கு அந்தம்மாவைத் தூக்கிக்கினு போனாங்க. வழியிலயே போயிட்டாங்க."

அது நடந்து ஒரு வாரம் கழித்து அவள் கைக்கு ஒரு காகிதம் வந்தது. இறந்த பெண் தனக்கு நோய் இருப்பதைச் சொல்லவில்லை, மருந்தும் கேட்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. காவலில் இருந்தவள் என்ற முறையில் கீழே இவள் கையெழுத்துப் போட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இருபத்தாறு வருஷ அனுபவம், வார்டில் எத்தனை பேருக்கு ஆறுதல் சொன்னவள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "உன் மேல தப்பே இல்லம்மா. மேல இருந்து வந்த ஆர்டர். நீ என்ன பண்ணுவே?"

அவள் கையை உருவிக்கொண்டாள். முகம் இறுகிவிட்டது. உரித்த கிழங்கை அள்ளிக்கொண்டு உள்ளே போனவள், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

பஸ்ஸில் மலை இறங்கி வரும்போது என் மேலேயே எனக்குக் கோபம். ஏனென்றால் அதே வார்த்தையை எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். பனிமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. லாரி பள்ளத்தில் உருண்டு இரண்டு ஜவான்களைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேருக்கும் பொருந்துகிற ரத்தம் ஒரே ஒரு பை. டாக்டர் உள்ளே அறுவை சிகிச்சையில் இருந்தார். முடிவு என் கையில். பிழைக்க வாய்ப்பு அதிகமான பையனுக்கு ஏற்றினேன். இன்னொருவன் தமிழ்ப் பையன். நான் பேசியதைக் கேட்டு அடையாளம் கண்டுகொண்டான். "அக்கா, எனக்கு?" என்றான். அவ்வளவுதான் அவன் பேசியது. செய்தது சரி என்று எல்லோரும் சொன்னார்கள். பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டவள், எடுத்துப் படித்ததே இல்லை. 'உன் மேல் தப்பில்லை' என்று ஒவ்வொருவரும் சொல்லும்போது, அதற்கு மேல் பேசாதே என்றுதான் எனக்குக் கேட்டது.

அடுத்த முறை போனபோது அவள் வேலிக்கு உள்ளேயே நின்றாள். நான் வெளியே நின்றபடியே என் கதையைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. சொல்லி முடித்துவிட்டுச் சொன்னேன்:

"போன தடவை நான் சொன்னது பொய். தப்புதான். ஆர்டர் போட்டவர் தப்பு பெருசு. அதுக்காக உன்னுது இல்லாம போயிடாது. ரெண்டாவது தடவை நீ போயிருக்கணும். கையெழுத்தும் போட்டிருக்கக் கூடாது."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடிப்பாளோ என்றுகூடத் தோன்றியது. பிறகு வேலிப் படலைத் திறந்தாள்.

"உள்ள வாங்கக்கா," என்றாள். சிஸ்டர் போய் அக்கா வந்தது அன்றுதான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "சரி. தப்புதான். அப்ப இன்னா பண்றது?"

மூன்று வருஷமாக 'நான் வரக்கூடாது' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவள் 'என்ன பண்றது' என்று கேட்டுவிட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

முதலில் அவளை ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப் போனேன். வயதில் சின்னப் பெண் அந்த டாக்டர். பொறுமையாகக் கேட்டார். "பயத்தால வர்ற நோய் வேற. இது மனசாட்சில பட்ட அடி. மாத்திரை தூக்கத்துக்கு உதவும். அடிபட்ட இடத்துக்கு வேற வேலை இருக்கு," என்றார். நடந்ததை எழுதச் சொன்னதும் அவர்தான்.

எழுதினாள். நாற்பது பக்க நோட்டில் முதலில் தமிழில். பிறகு இந்தியில். அடுத்த இரண்டாவது சனிக்கிழமை மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்து, முறுக்குத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, எங்கள் மூன்று பேர் முன்னால் எழுந்து நின்று படித்தாள். அறிக்கை வாசிக்கிற குரல். தேதி, நேரம், இடம், ஆர்டர். "ரெண்டாவது தடவை நான் கேக்கல" என்ற இடத்தில் மட்டும் குரல் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

படித்து முடித்து நோட்டை மூடி உட்கார்ந்தாள். திருநாவலூர்க்காரி, ஆறு மாதமாக மருமகளைப் பற்றி மட்டும் பேசியவள், புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் ஒண்ணு இருக்கு. உங்க அளவுக்குப் பெருசு இல்ல. சொல்லட்டுமா?"

அன்று மதியச் சாப்பாடு நான்கு மணிக்குத்தான் நடந்தது. அவர்கள் சொன்னது அவர்களுடையது, அதை இங்கே எழுத மாட்டேன். ஆனால் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நான்கு பேர் நடையும் வேறு மாதிரி இருந்தது. மணலூர்பேட்டைக்காரி பஸ் நிலையத்தில் நின்று பெரிய குரலில் சிரித்ததை ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

எழுதி முடித்த நோட்டை என்ன செய்வது என்று அவளே முடிவு செய்தாள். "இது அந்தம்மா வூட்டுக்குப் போவணும்க்கா. என்கிட்ட வெச்சுக்கினு நான் இன்னா பண்ண?" இந்தியில் எழுதிய பக்கங்களை, அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் முகவரிக்கு அனுப்பினாள். அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த ஒரே இடம் அந்தப் பள்ளிக்கூடம்தான். கீழே கைபேசி எண்ணையும், காலை பத்து மணிக்குக் கூப்பிட்டால் கிடைப்பேன் என்பதையும் எழுதினாள்.

அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததும் என் வீட்டுக்கே வந்துவிட்டார். தங்கையும் அன்று இருந்தாள்.

"பென்ஷன் போச்சுன்னா? போலீஸ் வந்தா? பத்து வருஷத்துக்கு மேல ஆன கதை. உன்னை யாரு கேட்டா?"

அவள் நிதானமாகச் சொன்னாள். "கேட்டாங்கண்ணா. நாலு தடவை கேட்டாங்க."

அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா போவலாம்," என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கத்து இடத்தை அவளுக்கு விட்டுவிட்டு இவர் இந்தப் பக்கம் உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

நான்கு மாதம் பதில் இல்லை. அந்த நான்கு மாதமும் எனக்குத்தான் தூக்கம் கெட்டது. ஒரு குடும்பத்தின் ஆறிய புண்ணைக் கிளறிவிட்டோமோ, இவளை நானே குழியில் தள்ளிவிட்டேனோ என்று. அவள் தெளிவாக இருந்தாள். "அவங்க பதில் எழுதணும்னு இன்னா இருக்கு? நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்" என்றாள்.

அவள் ஊரில் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே ஒரு பாறை உண்டு, அங்கே ஏறினால் இரண்டு கட்டை வரும். தினமும் காலை பத்து மணிக்கு ஏறி அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். நான் போயிருந்த ஒரு நாள், நாங்கள் இருவரும் அங்கே உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத எண். ஒரு பெண் குரல் இந்தியில் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டது.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "ஆமாம். நான்தான்."

ஒலிபெருக்கியைப் போடச் சொல்லிச் சைகை செய்தேன். எனக்கும் இந்தி வரும்.

"நான் அந்த அறையில் இருந்த பெண்," என்றது குரல். "அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தவள்."

இவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணே பேசினாள். அம்மா மருந்து கேட்டாள் என்று அவள் அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். யாரும் நம்பவில்லை. சின்னப் பெண், அதிர்ச்சியில் உளறுகிறாள் என்றார்கள். காகிதத்தில் வேறு மாதிரி இருந்தது. அப்பாவே, "நோயை ஏன் மறைத்தாள்?" என்று செத்துப்போன மனைவி மேல் கோபத்தோடுதான் கடைசிவரை இருந்தாராம். "வருஷம் ஆக ஆக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அம்மா உண்மையிலேயே கேட்டாளா, நானாகக் கற்பனை செய்துகொண்டேனா என்று. உங்கள் கடிதத்தை ஒரே நாளில் முப்பது தடவை படித்தேன். பிறகு மூன்று மாதம் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். அவ்வளவு கோபம் உங்கள் மேல்."

"என்னை மன்னிக்கணும்னு நான்..." என்று இவள் ஆரம்பித்தாள்.

"அதைப் பற்றி இப்போது பேசாதீர்கள்," என்றது குரல். கடுமையாக இல்லை, தெளிவாக. "எனக்கு ஒன்றுதான் வேண்டும். கோர்ட்டில் மனுப் போட்டிருக்கிறேன், பழைய அறிக்கையைத் திருத்தச் சொல்லி. கடிதத்தில் எழுதியதை அங்கே சொல்வீர்களா?"

"சொல்றேன்," என்றாள் இவள். யோசிக்கவே இல்லை.

போன் நின்ற பிறகு அப்படியே பாறையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, அந்தப் பாடம் எனக்கு வந்துவிட்டது. நெல்லிக்காயை மடியில் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்து எழுந்தவள், "பசிக்குதுக்கா" என்றாள். அன்று கிழங்கும் காரத் துவையலும் அவள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து அண்ணன் பெண்டாட்டி மறுபடி அடுப்பு பற்ற வைத்தாள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு பெண் வழக்கறிஞரைப் பார்த்தோம். அவர் எதையும் மறைக்கவில்லை. "நீங்க பொய்க் கையெழுத்துப் போட்டதா நீங்களே சொல்லப் போறீங்க. கேஸ் உங்க பக்கமும் திரும்பலாம். யோசிச்சுக்கோங்க."

"திரும்பட்டும்மா. நான் எங்கயும் ஓடப் போறதில்ல. வெள்ளிமலை பஸ்ல ஏறினா என் ஊர்தான்."

அந்த மாநிலத்து நீதிமன்றம், அவளைக் கள்ளக்குறிச்சி நீதிமன்றத்திலிருந்தே காணொளி வழியாக விசாரிக்க அனுமதி கொடுத்தது. விசாரணைக்கு முந்தின வாரம் முழுக்கச் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பதறினோம். எந்தப் புடவை, என்ன சாப்பிடுவது, இந்தியில் 'மாடம்' என்பதற்கு என்ன வார்த்தை. அவள் ஒரு பருத்திப் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். தலைமுடி ஒரு பிசிறு இல்லாமல் கொண்டை. திருநாவலூர்க்காரியும் மணலூர்பேட்டைக்காரியும் எனக்கு முன்பே வந்து வராந்தாவில் நின்றிருந்தார்கள். அண்ணன் வந்திருந்தார். டாக்டர்கூட ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நாங்கள் உள்ளே இருக்க அவளுடைய வழக்கறிஞர் கேட்டார், திரையில் இருந்த நீதிபதி சம்மதித்தார். பின்னால் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம்.

திரையில் ஒரு மூலையில் அந்த மகள் தெரிந்தாள். கம்பளிச் சால்வை போர்த்திய மெலிந்த பெண். இவள் அவளைப் பார்த்தாள், கண்ணை எடுக்கவில்லை.

உண்மை பேசுவதாக உறுதி எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு நடந்ததைக் கேட்டார்கள். இந்தியில் சொன்னாள். வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது.

"அந்த அம்மா மருந்து கேட்டாங்க. எனக்குக் கேட்டது. ஒரு தடவை அதிகாரியிடம் போய்ச் சொன்னேன், மறுத்தார். அந்த அம்மா மறுபடியும் மூன்று தடவை கேட்டாங்க. நான்..."

திரை உறைந்தது. நீதிபதி கன்னத்தில் கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். நீதிமன்ற ஊழியர் ஓடிவந்து ஏதேதோ ஒயரைப் பிடுங்கிச் செருகினார். ஐந்து நிமிஷம். எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. இவ்வளவு தூரம் வந்தவள் இப்போது தளர்ந்துவிட்டால்? அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

படம் திரும்பி வந்தது. "கேட்கவில்லை. முதலிலிருந்து மறுபடி சொல்லுங்கள்," என்றார் நீதிபதி.

மறுபடி சொன்னாள். இந்த முறை குரல் இன்னும் ஓங்கி வந்தது. மைதானத்தில் அணிவகுப்புக்கு ஆணை கொடுத்த குரல். வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அந்த அம்மா மருந்து கேட்டாங்க. நாலு தடவை கேட்டாங்க. நான் அதிகாரியிடம் ஒரு தடவைதான் போனேன். இன்னொரு தடவை போயிருக்கலாம், போகவில்லை. பிறகு, அவங்க கேட்கவே இல்லை என்று எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அது பொய். அந்த அறையில் இருந்த பெண் சொன்னதுதான் உண்மை."

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார்: "இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தீர்கள்?"

"பயம், ஐயா. வேலை போய்விடும் என்று பயம். பிறகு வெட்கம்."

"இப்போது பயம் போய்விட்டதா?"

"இல்லை. ஆனால் இதைவிட்டால் எனக்கு வேறு வழி இல்லை."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. திரையின் மூலையில் அந்த மகள் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நீதிபதி அடுத்த தேதியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, சால்வையை எடுத்துவிட்டு இவளைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையை அசைத்தாள். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் அண்ணன் அவள் முன்னால் வந்து நின்றார். "காலைலேர்ந்து நின்னுக்கினே இருந்துட்டே. உக்காரு," என்று தன் துண்டை எடுத்து நீதிமன்றப் படியைத் துடைத்துவிட்டார். அவள் உட்கார்ந்தாள். நாங்கள் எல்லோரும் அந்தப் படியில் வரிசையாக உட்கார்ந்தோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தியும் நகரவில்லை.

தீர்ப்பு வர ஏழு மாதம் ஆனது. பழைய அறிக்கை தவறு, இறந்தவர் மருந்து கேட்டார், அது மறுக்கப்பட்டது என்று பதிவாயிற்று. ஆணை போட்டவர் மேல் வழக்கு தனியாக மெதுவாக நடக்கிறது, அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. இவளுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. ஒரு பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினாள். அதன் பிறகு இன்றுவரை எதுவும் வரவில்லை. வந்தாலும் பதில் எழுதுவாள்.

அந்த நாள் அவளை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் பொய். வருஷத்தில் அந்தத் தேதி வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. எனக்கும் என் தேதி ஒன்று உண்டு. இப்போது அந்த இரண்டு நாட்களிலும் ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்கிறோம்.

தீர்ப்பு வந்த அன்று, லட்டு வாங்கட்டுமா என்று மணலூர்பேட்டைக்காரி கேட்டாள். "ஒரு உயிர் போன விஷயத்துக்கு ஸ்வீட் வாணாம்," என்றாள் அவள். பிறகு அவளே, "வாங்க, அருவிக்குப் போவலாம்," என்றாள். அதற்குள் எங்கள் சனிக்கிழமைக் கூட்டம் பதினொரு பேராகியிருந்தது. நீதிமன்ற விஷயம் வாய்வழியாகப் பரவி, உளுந்தூர்பேட்டை, சின்னசேலம் பக்கத்திலிருந்தெல்லாம் வந்து சேர்ந்தவர்கள். ஒரு வேனைப் பிடித்துப் பெரியார் அருவிக்குப் போனோம். மழை விட்டு ஒரு வாரம், தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது.

பாறை வழுக்கும். பதினொரு பேருக்கும் முழங்கால் கோளாறு. எப்படி இறங்குவது என்று எல்லோரும் தயங்கி நின்றபோது, அவள் முன்னால் போய் நின்றாள்.

"ரெண்டு ரெண்டு பேரா கையைப் புடிங்க! இடது கால் மொதல்ல! வழுக்குற எடத்துல நான் நிக்கறேன்!"

பட்டாளத்தில் ஆணைக்குப் பணிந்தே வயதான நாங்கள், அந்த ஆணைக்கும் பணிந்தோம், சிரித்துக்கொண்டே. ஜோடி ஜோடியாக இறங்கி அருவிக்கு அடியில் போய் நின்றோம். தண்ணீர் தலையில் விழுந்த வேகத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. திருநாவலூர்க்காரி என்னமோ கத்தினாள், மணலூர்பேட்டைக்காரி பதிலுக்குக் கத்தினாள். கடைசி ஆள் இறங்கும்வரை வழுக்குப் பாறையில் நின்றவள், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் நடுவில் வந்து நின்று, தலையை அண்ணாந்து தண்ணீரை முகத்தில் வாங்கிக்கொண்டாள்.